பெயர் வாங்காத கார்களில் நல்லதைத் தேடுவது எப்படி

என் அக்காவுக்காக நான் பார்த்து வாங்கிக் கொடுத்த பழைய கார் எட்டே மாதத்தில் நடுச்சாலையில் நின்றுவிட்டது. கியர் பாக்ஸ் போய்விட்டது. அப்போது நான் பட்டறை வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்ஜினைத் தனியாக இறக்கிப் பிரித்துப் பூட்டத் தெரியும். ஆனாலும் அந்தக் காரை வாங்கிய நாளில் நான் பார்த்தது முன்புறத்தில் பதித்திருந்த சின்னத்தை மட்டும்தான். எல்லோரும் புகழ்கிற நிறுவனம், கைவிடாது என்று நினைத்தேன். அதன் பக்கத்திலேயே நின்ற, யாரும் விசாரிக்காத இன்னொரு காரை வேண்டாம் என்று தள்ளினேன். அதை வாங்கியவர் பதினொரு ஆண்டுகள் ஓட்டினார். எண்ணெய் மாற்றவும் பிரேக் பேட் மாற்றவும் என்னிடம்தான் வருவார். அந்தக் காரின் அடியில் படுக்கும்போதெல்லாம் அக்காவின் முகம் நினைவுக்கு வரும்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது யாராவது "எந்த நிறுவனத்தின் கார் நல்லது?" என்று கேட்டால், "எந்த இன்ஜின், எந்த கியர் பாக்ஸ், யார் கையில் இருந்தது?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரு காரின் ஆயுள் இந்த மூன்றிலும், அவற்றோடு சேர்ந்த, இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பிலும்தான் இருக்கிறது. பெயர் வாங்காத பல நிறுவனங்கள் இன்ஜின், கியர் பாக்ஸ், குளிர்விக்கும் அமைப்பு மூன்றையும் ஒழுங்காகச் செய்திருக்கின்றன. விளம்பரம் குறைவு, தோற்றம் சாதாரணம், விற்பனை நிலையங்கள் குறைவு என்ற காரணங்களால் அவற்றின் பெயர் எடுபடவில்லை. அப்படிப்பட்ட கார்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் சோதிப்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மெக்கானிக் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் கண்ணில் படுவது பழுதான வண்டிகள் மட்டுமே. ஒரு வகைக் கார் சாலையில் ஏராளமாக ஓடினால் பட்டறைக்கும் ஏராளமாக வரும். அதனால் அது மோசமான கார் ஆகிவிடாது. ஒரு வண்டி எத்தனை முறை வருகிறது என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு தூரம் ஓடிய பிறகு எதற்காக வருகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து வருகிற வண்டி நல்ல வண்டி. அறுபதாயிரத்தில் கியர் மாறும்போது உதறிக்கொண்டு வருகிற வண்டியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஆய்வுப் பட்டியல்களையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். ஜே.டி. பவர் நிறுவனத்தின் நீண்டகால நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று ஆண்டுகள் ஓடிய கார்களின் முதல் உரிமையாளர்களிடம் கேட்டு, நூறு கார்களுக்கு எத்தனை பிரச்சினைகள் என்று கணக்கிடுகிறது. கைப்பேசி காருடன் இணைய மறுப்பதும் அங்கே ஒரு பிரச்சினை, கியர் பாக்ஸ் உடைவதும் ஒரு பிரச்சினை. பத்து ஆண்டுகள் ஓடிய காரை வாங்கப் போகிறவருக்கு அந்தப் பட்டியல் பாதி வழிதான் காட்டும். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, தன் சாலையோர உதவி வண்டிகள் போய்ப் பார்த்த பழுதுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் ஆண்டுதோறும் முதலிடம் சாதாரண பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு. பேட்டரி தீர்ந்து நின்ற காருக்கும் இன்ஜின் உடைந்து நின்ற காருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

சின்னத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ஒரே இயந்திரம் வேறு வேறு பெயர்களில் விற்பனையாவது கார் உலகில் மிகச் சாதாரணம். இதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் விற்ற வைப் என்ற கார், டொயோட்டா மேட்ரிக்ஸின் இரட்டைப் பிறவி. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கலிபோர்னியாவில் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில், டொயோட்டா இன்ஜினோடு தயாரானது. பான்டியாக் என்ற பெயருக்காக அதை ஒதுக்கியவர்கள் டொயோட்டாவையே ஒதுக்கினார்கள். 2019 முதல் டொயோட்டா தன் சின்னத்தைப் பதித்து விற்கும் கிளான்ஸா, சுசூகியின் பலேனோதான். மிட்சுபிஷியின் 4டி56 டீசல் இன்ஜினை உரிமம் பெற்று ஹூண்டாய் தன் வேன்களில் வைத்தது. ஃபோக்ஸ்வாகனின் பல கார்களில் இருந்த ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஜப்பானின் ஐசின் தயாரிப்பு. அதே ஐசினின் கியர் பாக்ஸ்கள் வால்வோவிலும் இருந்தன.

இதன் மறுபக்கமும் உண்டு. உறுதிக்குப் பெயர்போன டொயோட்டாவிலும் 2ஏஇசட்-எஃப்ஈ என்ற 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 2006-க்குப் பிறகு வந்த சில ஆண்டு மாடல்களில் எண்ணெயைக் குடித்தது. பிஸ்டனில் எண்ணெய் திரும்பி வழிய வேண்டிய துளைகள் அடைத்துக்கொண்டு ரிங் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோளாறுக்காக நிறுவனமே உத்தரவாதத்தை நீட்டித்தது. ஆகவே, கார் வாங்கப் போகும்போது மாடல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். இன்ஜின் குறியீடு, கியர் பாக்ஸ் வகை, தயாரித்த ஆண்டு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் குறியீடு பானெட்டின் உள்பக்கத் தகட்டிலோ இன்ஜின் பிளாக்கிலோ பதிவு ஆவணத்திலோ இருக்கும். அந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால்தான் உருப்படியான தகவல் கிடைக்கும்.

நான் பரிந்துரைக்கும் பெயர்கள்

முதலில் மாஸ்டா. ஹிரோஷிமாவைச் சேர்ந்த இந்த நிறுவனத்தை ஓட்டச் சுகமான கார் செய்பவர்களாகத்தான் பலர் அறிவார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய பிடிவாதம். மற்றவர்கள் சின்ன இன்ஜினில் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்து, பற்சக்கரப் படிகள் இல்லாமல் பெல்ட்டால் விகிதம் மாற்றும் சிவிடி கியர் பாக்ஸைப் பூட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினையும் இன்ஜின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆறு வேக ஆட்டோமேட்டிக்கையும் விடவில்லை. 2012-இல் சிஎக்ஸ்-5 காரில் முழுமையாக வந்த ஸ்கைஆக்டிவ் வரிசை இது. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான். டர்போ இல்லை என்றால் அந்தச் சூடும் இல்லை, அதற்குப் போகும் எண்ணெய்க் குழாய்களும் இல்லை, உடைவதற்கு ஒரு பொருள் குறைவு. ஆனால் அதே வரிசையின் 2.2 லிட்டர் டீசலை நான் அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது எரியாத டீசல், இன்ஜின் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் மட்டம் ஏறும். அளவுகோலில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு பெருக்கல் குறி இருப்பதே அதற்காகத்தான். குறுகிய தூரம் மட்டும் ஓடிய டீசல் என்றால் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. பழைய மாஸ்டா 3 என்றால் பின் சக்கர வளைவுகளைக் கையால் தடவிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

சுசூகியைச் சின்னக் கார் நிறுவனம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எடை குறைந்த காரில் எல்லாமே மெதுவாகத் தேயும். பிரேக், சக்கர பேரிங், பால் ஜாயின்ட், டயர், கிளட்ச் எதுவும் அதற்கு விலக்கு இல்லை. எண்ணூறு கிலோ, ஆயிரம் கிலோ எடையுள்ள காரின் கீழ்ப்பகுதியைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இது புரியும். 1970 முதல் வரும் ஜிம்னி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, முன்னும் பின்னும் கட்டை அச்சு. பழைய ஜிம்னியில் ஸ்டீயரிங் குறிப்பிட்ட வேகத்தில் ஆடினால் பயந்து ஓட வேண்டாம். முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் பேரிங்குகளை முதலில் பாருங்கள். அது தெரிந்த நோய், தீர்க்கக்கூடிய நோய். இப்படி முன்கூட்டியே தெரிந்த குறையுள்ள காரை நான் விரும்பி வாங்குவேன். எந்தக் குறை எப்போது வரும் என்று ஊகிக்க முடியாத கார்தான் வேண்டாம்.

சுபாரு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஈஜே25 இன்ஜினின் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு, கசிவது உலகறிந்தது. அதனாலேயே பலர் அந்தப் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கட் போட்டு ஒழுங்காக வேலை செய்து முடித்த ஈஜே25, அதன் பிறகு நீண்ட நாள் ஓடும். வேலை செய்ததற்கு ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 2010-க்குப் பிறகு வந்த எஃப்பி வரிசையில் பெல்ட் போய் செயின் வந்தது. தொடக்க ஆண்டுகளில் சிலவற்றில் எண்ணெய் குறையும், அதையும் நினைவில் வையுங்கள்.

மிட்சுபிஷியின் 4டி56 பற்றி மேலே சொன்னேன். அதில் டைமிங் பெல்ட்டோடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டை ஓட்டும் சின்ன பெல்ட் ஒன்றும் இருக்கிறது. பெரிய பெல்ட்டை மாற்றிவிட்டுச் சின்னதை அப்படியே விட்டால், அது அறுந்து பெரியதில் சிக்கி இன்ஜினையே முடித்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றிய வண்டி என்றால் தாராளமாக வாங்கலாம்.

இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ருமேனியாவின் டாசியா, ரெனோவின் பழகிய இன்ஜின்களை வைத்து 2004-இல் லோகனைக் கொண்டுவந்தது. எட்டு வால்வு 1.6 லிட்டர் இன்ஜினில் கெட்டுப்போக அதிகம் இல்லை. பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் காலத்தில் மாற்றினால் போதும். அமெரிக்காவின் பியூயிக் நிறுவனத்தின் 3800 வி6 இன்ஜின் 2008 வரை தயாரானது. உள்ளே இருக்கும் இரும்பு அசையாது, மேலே இருக்கும் பிளாஸ்டிக் கூலன்ட் முழங்கைக் குழாய்கள் நொறுங்கும். உலோகக் குழாய் போட்டு மறந்துவிடலாம். 1974 முதல் 1993 வரை வந்த வால்வோ 240-இன் எட்டு வால்வு பி230 இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. எண்பதுகளில் வந்த பலவற்றில் மின்கம்பிகளின் மேலுறை பொடிந்து உதிரும், அதைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டியவை

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று திரும்பி வந்துவிட்டு வேறொரு நாள் போங்கள். குளிர்ந்த இன்ஜின் மட்டும்தான் உண்மையைச் சொல்லும். சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடிகளுக்கு மேல் சங்கிலி உரசுகிற கடகடப்புக் கேட்டால் செயின் இழுவிசையில் கோளாறு. சில நிமிடங்கள் சும்மா ஓடவிட்டுப் பிறகு ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். அப்போது நீலப் புகை ஒரு கணம் வந்து மறைந்தால் வால்வு சீல். மேட்டில் ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவதோடு வாழலாம். இரண்டாவதைத் தொடாதீர்கள்.

குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். தெளிவான நிறத்தில் இருக்க வேண்டும். துருநிறமாகவோ மேலே எண்ணெய்ப் படலத்தோடோ இருந்தால் போதும், கிளம்பிவிடலாம். வெறும் தண்ணீர் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். எங்கோ கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னிடம் ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. அதில் உள்ள நீலத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் காற்றை இழுத்தால், ஹெட் கேஸ்கட் வழியே இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது திரவம் மஞ்சளாகும். ஐந்து நிமிட வேலை. எந்த மெக்கானிக்கிடமும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஒரு முறை வெப்பம் எல்லை மீறிய இன்ஜினை, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

கியர் பாக்ஸுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அக்காவின் காரில் நான் செய்த தவறு இதுதான்: பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சிவிடியும், இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸும் குளிர்ந்திருக்கும்போது நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். குறைந்தது அரை மணி நேரம், நெரிசலிலும் மேட்டிலும் ஓட்டுங்கள். நன்றாகச் சூடான பிறகு மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் எடுங்கள். சிவிடி சீழ்க்கை போல ஊளையிட்டாலோ, இன்ஜின் வேகம் ஏறியும் கார் தயங்கினாலோ வேண்டாம். எண்ணெயில் மூழ்காத உலர் இரட்டைக் கிளட்ச் என்றால் ஊர்ந்து செல்லும் வேகத்தில் உதறுகிறதா என்று பாருங்கள். ஃபோர்டின் பவர்ஷிஃப்டும் ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக டிக்யூ200-உம் இதில் கெட்ட பெயர் எடுத்தவை. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில், நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளியதும் ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். தயங்கித் தடாரென்று பிடிப்பது தேய்மானத்தின் அறிகுறி.

பெல்ட்டா செயினா என்பதோடு, பெல்ட் எங்கே ஓடுகிறது என்றும் கேளுங்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பீஜோ–சிட்ரோயனின் 1.2 லிட்டர் பியூர்டெக் போன்ற சில இன்ஜின்களில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும் வடிவம் வந்தது. பெல்ட் சிதைந்தால் அதன் துகள்கள் இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இருக்கும் வடிகட்டி வலையை அடைத்து, இன்ஜினுக்கு எண்ணெய் போகாமல் செய்துவிடும். சரியான எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்றால் அந்த இன்ஜினை விட்டுவிடுங்கள்.

காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக இருந்தால்கூடப் போதும். பிழைக்குறி எதுவும் இல்லை என்று கண்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அங்கே காட்டும். பல சோதனைகள் முடியவில்லை என்று இருந்தால், அண்மையில் பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். பிறகு, கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவைப் பாருங்கள். சும்மா ஓடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாய் வேலைதான். சுற்று ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பம்ப் அல்லது இன்ஜெக்டர் பக்கம் பலவீனம்.

அதிகம் விற்காத காரை வாங்குவதில் உண்மையான சிரமம் ஒன்றுதான், உதிரிப் பொருள். இன்ஜின், பிரேக், ஃபில்டர் ஆகியவை பெரும்பாலும் பிற கார்களோடு பொதுவாக இருக்கும், கிடைத்துவிடும். கிடைக்காதவை முகப்பு விளக்கு, பம்பர், கதவுக் கண்ணாடி, கணினிப் பெட்டி, ஏர்பேக் பகுதிகள். சாப் நிறுவனம் 2011-இல் திவாலானபோதும், சுசூகி 2012-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனபோதும் அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு இதுதான் கவலை. வாங்கும் முன்பே முகப்பு விளக்கு, வாட்டர் பம்ப், ஏபிஎஸ் சென்சார் மூன்றும் எத்தனை நாளில் வரும் என்று விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்குள் வரும் என்றால் எனக்குச் சம்மதம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின் எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவம், கியர் பாக்ஸ் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கியர் பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதற்கு முன் எப்போது மாற்றினார்கள் என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கட்டும். தேதியையும் தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி காரிலேயே வையுங்கள்.

அக்கா இப்போது ஓட்டுவது ஒரு மாஸ்டா. டர்போ இல்லாத இரண்டு லிட்டர் பெட்ரோல், ஆறு வேக ஆட்டோமேட்டிக். இந்த முறை நான் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் சம்மதித்தேன். போன மாதம் இரண்டாவது முறையாக அதன் கியர் பாக்ஸ் எண்ணெயை மாற்றினேன். கியர் பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியதும் அக்கா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். காந்தத்தில் உலோகச் சில்லு எதுவும் இல்லை, சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் படிந்திருந்தது. "இது இருக்கலாமா?" என்று கேட்டார். இருக்கலாம் அக்கா என்றேன். துணியால் துடைத்து, புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டினேன்.